இலவசம் என்று சொல்லி எடுத்துக்கொண்ட படகு

மாவு ஒட்டிய கையோடு சுக்கான் பிடித்த என் அம்மாவுக்கு,

அப்பா தூங்கிவிட்டார். நாளை அவருக்கு வார விடுமுறை. காலையில் உன் பாஸ்புக்கை எடுத்துக்கொண்டு வங்கிக்குப் போகிறார். வாரிசுச் சான்றிதழ் இன்றுதான் கைக்கு வந்தது, உன் கணக்கை முடிக்க வேண்டுமாம். பாஸ்புக்கை மிஷினில் விட்டு அச்சடித்துக் கொடுப்பார்கள். நீ இறந்த பிறகு உன் கணக்கிலிருந்து மூன்று முறை பணம் போயிருப்பது அதில் தெரிந்துவிடும். எடுத்தது நான்.

அதனால்தான் சமையலறைக் கதவைச் சாத்திக்கொண்டு வேதியியல் நோட்டின் பின்பக்கத்தில் இதை எழுதுகிறேன். பயமாக இருக்கிறது அம்மா. ஆனால் பயத்தைவிடக் கோபம் அதிகமாக இருக்கிறது. யாரிடம் சொன்னாலும் "ஒரு கேமுக்காகவா?" என்று கேட்பார்கள். நீ அப்படிக் கேட்கமாட்டாய்.

நம் படகு விளையாட்டை இலவசமாக்கிவிட்டார்கள்.

இலவசம் என்றால் நல்லதுதானே என்று நீ கேட்பாய். நானும் அப்படித்தான் நினைத்தேன். அதனால்தான் முதலிலிருந்து சொல்கிறேன். நடுவில் நான் அழுதால் கண்டுகொள்ளாதே.

நாம் அதை வாங்கியது நான் ஒன்பதாம் வகுப்புப் படிக்கும்போது. மந்தாரக்குப்பத்தில் ஜமீலா அக்காவின் அத்தா வைத்திருக்கிற துணிக்கடைக்கு ப்ளவுஸ் பிட் எடுக்கப் போனோம். மதிய நேரம், கடையில் ஆளில்லை. அக்கா கல்லாவில் உட்கார்ந்து போனையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இன்னாடி அது, தண்ணியில பஸ்ஸு வுட்டுக்கினு இருக்க?" என்று நீதான் கேட்டாய்.

"பஸ்ஸு இல்லக்கா, படகு. ஒருத்தர் சுக்கான் புடிக்கணும், ஒருத்தர் இன்ஜின் பாக்கணும், ஒருத்தர் மேல ஏறிக்கினு பாறை வருதான்னு பாக்கணும். தீவு தீவா ஆளுங்கள ஏத்தி எறக்கணும். புயல் வர்றதுக்குள்ள கரை சேந்துடணும். அவங்கவங்க வூட்ல இருந்தே சேந்து ஆடலாம்."

"மாசா மாசம் காசு கேப்பானா?"

"இல்லக்கா. ஒரே தடவ குடுத்தா போதும். ஆயுசுக்கும் நம்மளது."

அந்த 'ஆயுசுக்கும்' என்ற வார்த்தையில்தான் நீ விழுந்தாய். எனக்கு ஒன்று, உனக்கு ஒன்று என்று அன்றைக்கே இரண்டு வாங்கினாய். என்னைக் கண்காணிக்கத்தான் சேர்கிறேன் என்று அப்பாவிடம் சொன்னாய். ஒரே வாரத்தில் யார் யாரைக் கண்காணித்தார்கள் என்று உனக்கே தெரியும்.

பள்ளியில் தோழிகளிடம் என் அம்மா கேம் ஆடுவாள் என்று சொல்லக் கூச்சமாக இருந்தது. இப்போது அந்தக் கூச்சத்தை நினைத்தால்தான் கூச்சமாக இருக்கிறது. மாலையில் விற்கிற மாவுக்காகக் கிரைண்டரில் உளுந்தைப் போட்டுவிட்டு உட்காருவாய். மாவு ஆட்டி முடிகிற முக்கால் மணி நேரம் உன் கடல் நேரம். நீ சுக்கான், நான் இன்ஜின், மந்தாரக்குப்பத்தில் இருந்தபடி ஜமீலா அக்கா பாறை பார்ப்பாள். கிரைண்டர் சத்தத்தில் கேட்காது என்று நீ கத்துவாய். சுரங்கத்தில் இரவு ஷிப்ட் முடித்துப் பகலெல்லாம் தூங்க முடியாத அப்பா எழுந்து வந்து நிற்பார்.

"மைன்ஸ்ல கூட இவ்வளவு சத்தம் இல்ல, கலா."

"அங்க மண்ண அள்ளறீங்க, இங்க உசுர ஏத்திக்கினு போறோம். தள்ளுங்க, பாறை வருது."

படகுக்கு 'மினி பஸ்' என்று பெயர் வைத்தாய். எல்லா இடத்திலும் நிறுத்துவோம், யாரையும் விடமாட்டோம் என்பதால். மற்ற படகுகள் காசு அதிகம் தருகிற பயணிகளை மட்டும் ஏற்றிக்கொண்டு ஓடும். நீ கோழிக்கூடை வைத்திருந்த அந்தப் பொம்மைக் கிழவரைக்கூட ஏற்றினாய். "அவரு யாரோட அப்பனோ" என்றாய். அது வெறும் படம் அம்மா. ஆனாலும் ஏற்றினாய்.

நீ போனது ஐப்பசி மழையில். நான்கு நாள் காய்ச்சல், அவ்வளவுதான். அதைப் பற்றி இன்றைக்கு எழுதமாட்டேன்.

காரியம் எல்லாம் முடிந்து உறவினர்கள் ஊருக்குப் போன பிறகு வீடு ரொம்பப் பெரியதாக இருந்தது. நம் குவார்ட்டர்ஸைப் போய்ப் பெரியது என்று சொல்கிறேன் பார். ஒருநாள் உன் போனை எடுத்து விளையாட்டைத் திறந்தேன். நீ விட்ட இடத்திலேயே, மூன்றாம் தீவின் துறையில் 'மினி பஸ்' நின்றுகொண்டிருந்தது. சுக்கானைத் தொட்டேன். உடனே உன் குரல் கேட்டது.

"ஏறுங்க ஏறுங்க, படியில தொங்காதீங்க!"

போனைக் கீழே போட்டுவிட்டேன். கேப்டன்கள் தங்கள் குரலில் எட்டு ஆணைகளைப் பதிவு செய்துகொள்ளலாம் என்பதை மறந்தே போயிருந்தேன். புறப்படும்போது ஒன்று, அலை வரும்போது ஒன்று, இன்ஜின் சூடானால் ஒன்று. அந்தந்த நேரத்தில் படகே உன் குரலில் கத்தும். வேறு எங்கேயும் உன் குரல் இல்லை அம்மா. உன் போனில் மாவு பாக்கெட் படமாகத்தான் இருக்கிறது. கல்யாண வீடியோவில்கூட நீ பேசவில்லை, மேளம்தான் பேசுகிறது.

அன்றிலிருந்து ஜமீலா அக்காவும் நானும் தினமும் ஒரு நடை போய் வந்தோம். உன் போனில் நான் சுக்கான் பிடிப்பேன். இன்ஜினில் ஆள் இல்லை, அதனால் அடிக்கடி சூடாகும். ஒவ்வொரு முறையும் நீ "இன்ஜினு! தூங்கிக்கினு இருக்கியா?" என்று என்னைத் திட்டுவாய். அந்தத் திட்டுக்காகவே சில நாள் வேண்டுமென்றே சூடாக விட்டேன்.

மார்கழி தொடக்கத்தில்தான் அறிவிப்பு வந்தது. திரை முழுக்கப் பட்டாசு. 'இனி எல்லோருக்கும் இலவசம்! உங்கள் நண்பர்களை அழையுங்கள்!' எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. காசு கொடுத்து வாங்க முடியாத பிள்ளைகளும் வரலாம் இல்லையா? என் வகுப்பு தீபிகாவுக்கு நானே சொல்லிக் கொடுத்தேன். நாம் கொடுத்த காசு என்ன ஆயிற்று என்று நான் கேட்கவே இல்லை. பழைய ஆட்கள் என்பதற்காக ஒரு நங்கூரப் படத்தைப் பெயருக்குப் பக்கத்தில் ஒட்டினார்கள். ஆயுசுக்கும் என்று விற்றதற்கு ஒரு நங்கூரம்.

பத்து நாளில் கடல் வேறு கடலாகிவிட்டது. தங்கப் படகு, நெருப்பு விடும் படகு, சிறகு வைத்த படகு. எல்லாம் 'முத்து' கொடுத்தால் கிடைக்கும், முத்தைக் காசு கொடுத்து வாங்க வேண்டும். பயணிகள் பளபளக்கிற படகில்தான் ஏறுகிறார்கள், அப்படி மாற்றி வைத்துவிட்டார்கள். நாம் இரண்டு வருடம் புயலில் ஓட்டிச் சம்பாதித்த இன்ஜினை ஒருவன் காலையில் சேர்ந்து மதியத்துக்குள் வாங்கிவிடுகிறான். திறமைக்கு இருந்த இடத்தில் கடையைப் போட்டுவிட்டார்கள் அம்மா.

நூறு நூறு முத்தாகத்தான் விற்பார்கள். ஆனால் எந்தப் பொருளும் நூறு முத்து இல்லை, நூற்று இருபது, நூற்று எழுபது. இதைக் கேட்டு ஜமீலா அக்கா கொதித்துப் போனாள்.

"எண்பது சென்டி ப்ளவுஸ் பிட்டு கேட்டு வர்றவங்ககிட்ட, அம்பது அம்பதாத்தான் வெட்டுவேன், மிச்சத்த வூட்ல வச்சிக்கோன்னு எங்கத்தா சொன்னா, கடையில நிக்க வுடுவாங்களா? வெளக்குமாறு பறக்கும். இவன் கம்ப்யூட்டர் வச்சிக்கினு பண்ணா மட்டும் ஆப்பரா?"

பெட்டிகள் வேறு. காசு கொடுத்துத் திறந்தால்தான் உள்ளே என்ன இருக்கிறது என்று தெரியும். பெரும்பாலும் ஒரு தொப்பி இருக்கும். நம் ஊரில் லாட்டரிச் சீட்டு விற்றால் போலீஸ் பிடிக்கும். அதையே போனுக்குள் வைத்துப் பள்ளிப் பிள்ளைகளிடம் விற்றால் யார் பிடிப்பார்கள்?

வகுப்பில் இப்போது ஒரு புதுத் திட்டு வந்திருக்கிறது. 'டிஃபால்ட்'. காசு கொடுக்காமல், விளையாட்டு கொடுத்த உடுப்பிலேயே இருப்பவர்களை அப்படிச் சொல்வார்கள். இப்போது ஆட்களையே சொல்கிறார்கள். பழைய பை, பழைய சைக்கிள், எல்லாம் டிஃபால்ட். நான் சொல்லிக் கொடுத்துச் சேர்ந்த தீபிகாவே மதிய இடைவேளையில் எல்லோர் முன்னாலும் கேட்டாள்.

"ஏய் நந்து, உன் கேப்டன் என்னடி பச்சைச் சேலையும் செருப்புமா நிக்குது? ரேஷன் கடை கியூவா?"

எல்லோரும் சிரித்தார்கள். அந்தப் பச்சைச் சேலை ஏழாம் தீவுக்குப் புயலில் பயணிகளைக் கொண்டுபோய்ச் சேர்த்ததற்காக உனக்குக் கிடைத்த பரிசு, காசு கொடுத்து அதை வாங்கவே முடியாது என்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. "எங்கம்மாவோடது" என்று மட்டும் சொன்னேன். சிரிப்பு நின்றது. தீபிகா அழுதுவிட்டாள், நான்தான் அவளைச் சமாதானப்படுத்த வேண்டியிருந்தது. அவளைக் குறை சொல்ல மாட்டேன். அவளுக்கும் யாரோ அப்படிச் சிரிக்கக் கற்றுக்கொடுத்திருக்கிறார்கள், அதற்குக் கூலியும் வாங்கிக்கொண்டிருக்கிறார்கள்.

இதையெல்லாம் பொறுத்துக்கொண்டிருப்பேன். தங்கப் படகு எனக்கு எதற்கு? ஆனால் பொங்கல் முடிந்ததும் இன்னொரு அறிவிப்பு வந்தது. பழைய கேப்டன்கள் தங்கள் பழைய படகை வைத்துக்கொள்ள வேண்டுமென்றால் 'கேப்டன் பாஸ்' எடுக்க வேண்டும். எடுக்காவிட்டால் படகு பொதுத் துறைமுகத்துக்குப் போய்விடும். பெயரை அழித்துவிட்டு, முத்து கொடுக்கிற யாருக்கும் விற்பார்கள். பதிவு செய்த குரலையும் நீக்கிவிடுவார்கள்.

இதை நீ ஒருமுறை மெதுவாகப் படித்துப் பார் அம்மா. நம்மிடம் விற்ற பொருளை, நம்மிடமிருந்து எடுத்து, இன்னொருவருக்கு விற்பார்களாம். அதைத் தடுக்க வேண்டுமென்றால் நாம் காசு தர வேண்டுமாம். இதற்குப் பெயர் இலவசமா?

நான் எடுத்தேன். யாரிடமும் கேட்கவில்லை. மாவு வாங்கியவர்கள் பணம் போட்டார்களா என்று என்னைத்தானே பார்க்கச் சொல்வாய்? உன் ரகசிய எண் எனக்குத் தெரியும். கணக்கில் உன் மாவுப் பணம் கொஞ்சம் இருந்தது. 'மாதா மாதம்' என்று எழுதியிருந்தது. நான் எண்ணை அடித்தேன்.

மாதா மாதம் என்பதைப் படிக்காமல் அடிக்கவில்லை. படித்தேன். ஆனால் அது பிடித்தம் என்று நினைத்தேன்.

நீ சிரிப்பாய். நான் எப்படிச் சொல்வது? இந்த டவுன்ஷிப்பில் பிறந்த பிள்ளைக்கு மாதா மாதம் போகிற பணம் என்றால் அப்பாவின் சம்பளச் சீட்டில் வருகிற பிடித்தம்தான் தெரியும். ஃப்ரிட்ஜுக்குப் பிடித்தம், கட்டிலுக்குப் பிடித்தம், கிரைண்டருக்குப் பிடித்தம். எல்லாவற்றுக்கும் ஒரு கடைசி மாதம் உண்டு. அந்த மாதம் நீ கேசரி கிண்டுவாய். ஃப்ரிட்ஜைத் தட்டிக்கொடுத்து "இன்னியோட நீ நம்மளது" என்பாய். எதிர்வீட்டுக்காரர்களும் அப்படித்தான் ஏதாவது இனிப்பு செய்து கொண்டுவந்து "டிவி முடிஞ்சுதுங்க" என்பார்கள். அதுபோல இதுவும் ஆறு மாதத்தில் முடியும், பிறகு படகு நம்முடையது என்று நானே நினைத்துக்கொண்டேன். காலண்டரில் ஆனி மாதத்தில் பென்சிலால் ஒரு புள்ளிகூட வைத்தேன். கேசரிக்கு.

போன வாரம் மூன்றாவது முறை பணம் போனது. அன்று ஜமீலா அக்கா கடைக்குப் போயிருந்தேன்.

"இன்னும் மூணு மாசம்தான்க்கா. அப்புறம் மினி பஸ் நம்மளது" என்றேன்.

அக்கா துணி மடிப்பதை நிறுத்திவிட்டாள். "எது மூணு மாசம்?"

"பிடித்தம்."

"எவன் சொன்னான் பிடித்தம்னு? அடியே நந்து, எங்கத்தா தவணைக்குக் குடுக்கறாரே, அது தவணை. முடிஞ்சா பொடவை உன்னுது. இது வாடகைடி. நீ கெழவியாகி பல்லு போற வரைக்கும் போயிக்கினே இருக்கும்."

"அப்ப எப்ப நம்மளதாகும்?"

"ஆவாது."

அவ்வளவுதான் சொன்னாள். எந்தப் பணம் என்று கேட்டாள், உன் கணக்கு என்றேன். அவள் முகம் மாறிவிட்டது. "எறந்தவங்க கணக்குல கை வைக்கக் கூடாதுடி. கேஸாயிடும்னு சொல்லுவாங்க. உங்கப்பாவுக்கு பர்மனென்ட்டு வேலை வேற. போயி மொதல்ல அவராண்ட சொல்லு."

சொல்லவில்லை. நம் பிளாக்கில் பெரியவர்கள் குரலைத் தாழ்த்திச் சொல்கிற ஒரே வார்த்தை 'என்கொயரி'. அப்பாவை என்கொயரிக்குக் கூப்பிடுவார்களா? அவர்தான் எடுத்தார் என்று நினைப்பார்களா? அக்கா சொன்னது சரியா என்றுகூட எனக்குத் தெரியாது. யாரைக் கேட்பது?

அந்த நிறுவனத்துக்கு எழுதிப் பார்த்தேன். ஆங்கிலத்தில், அகராதி வைத்துக்கொண்டு, ரொம்ப மரியாதையாக எழுதினேன். என் அம்மா இறந்துவிட்டார், படகு வேண்டாம், எடுத்துக்கொள்ளுங்கள், குரலை மட்டும் கொடுங்கள் என்று. ஒரே நிமிடத்தில் பதில் வந்தது. 'வணக்கம் கேப்டன்! உங்களுக்கு ஏற்பட்ட சிரமத்துக்கு வருந்துகிறோம். உங்கள் அன்புக்கு நன்றியாக இதோ ஐம்பது முத்துகள். இனிய பயணம்!' கீழே துள்ளிக் குதிக்கிற ஒரு டால்பின்.

நீ இறந்ததற்கு ஐம்பது முத்து கொடுத்திருக்கிறார்கள் அம்மா. அதில் ஒரு தொப்பிகூட வாங்க முடியாது.

உன் குரலைத் திருடிக்கொள்ளலாம் என்றாள் அக்கா. திருட்டு என்று அவள்தான் சொன்னாள், நம் பொருளை நாமே எடுப்பதற்கு வேறு என்ன பெயர் என்று எனக்கும் தெரியவில்லை. நேற்று என் போனை உன் போன் பக்கத்தில் வைத்து, ஒவ்வொரு ஆணையாக வரவைத்துப் பிடித்தோம். அலையில் போனோம். "புடிச்சிக்கினு நில்லுங்கடி!" பாறைக்குப் பக்கத்தில் போனோம். "ஐயோ ஐயோ, கண்ணு எங்க இருக்கு ஜமீலா!" அக்கா அழுதுகொண்டே சிரித்தாள். கரை சேர்ந்தோம். "எறங்குங்க, சில்லறையா குடுங்க." கடல் இரைச்சலும் பாட்டும் கலந்துதான் வருகிறது. ஆனாலும் நீதான். ஏழு கிடைத்துவிட்டது.

எட்டாவது கிடைக்கவில்லை. அது படகு மூழ்கும்போது கேட்கிற ஆணை. நீ கேப்டனாக இருந்தவரை 'மினி பஸ்' ஒருமுறைகூட மூழ்கியதில்லை.

அதைப் பதிவு செய்த நாள் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. மற்ற ஏழையும் என்னைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, சிரித்துச் சிரித்துச் சொன்னாய். எட்டாவது வந்ததும் "நீ போயி கிரைண்டர நிறுத்து" என்றாய். நான் திரும்பி வந்தபோது முடித்துவிட்டிருந்தாய். என்ன சொன்னாய் என்று எத்தனை முறை கேட்டேன்! "முழுகுனா தெரியும்" என்றாய். விளையாட்டாகத்தான் சொன்னாய். இப்போது நான் உட்கார்ந்து அதையே யோசிக்கிறேன். எல்லோரையும் திட்டினாயா? ஜமீலாவையா, என்னையா? பயப்படாதே என்றாயா?

முன்பெல்லாம் மூழ்கின படகு மறுநாள் தானாகவே மேலே வந்துவிடும். இப்போது முத்து கொடுத்தால்தான் தூக்கிவிடுவார்கள். அதனால் நேற்று அக்காவும் நானும் புயலுக்குப் பக்கத்தில் போய்விட்டுத் திரும்பி வந்துவிட்டோம். என்னால் முடியவில்லை. உன் படகை நானே மூழ்கடிப்பதா?

இன்று சாயங்காலம் அப்பா வந்ததும் சான்றிதழைக் காட்டினார். பிறகு ரசம் வைத்தார். உப்பு போட மறந்துவிட்டார், நானும் சொல்லவில்லை. சாப்பிட்டுக்கொண்டே சொன்னார்.

"அம்மா கணக்கை முடிக்கிறதுக்கு எனக்கு மனசே இல்ல பாப்பா. மாவு வித்து ஒவ்வொரு ரூபாயா சேத்தா. அதுல நான் கை வச்சதே இல்ல. எடுத்து உன் பேர்ல போட்டுடறேன். காலேஜுக்கு ஆகும்."

கைகழுவ எழுந்துபோய்க் குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டு நின்றேன். அவர் கை வைக்காத பணத்தில் நான் கை வைத்திருக்கிறேன். அதை எடுத்துத் துள்ளிக் குதிக்கிற டால்பினுக்குக் கொடுத்திருக்கிறேன்.

அதற்குப் பிறகுதான் முடிவு செய்தேன். இந்தக் கடிதத்தைத் தொடங்குவதற்கு முன்னால் உன் போனை எடுத்து, பாஸை நிறுத்தப் போனேன். எங்கே நிறுத்துவது என்று கண்டுபிடிக்கவே அரை மணி நேரம். எடுப்பதற்குத் திரை முழுக்க ஒரு பொத்தான். நிறுத்துவதற்கு ஐந்து திரை தாண்டி ஒரு மூலையில் சாம்பல் நிற எழுத்து.

அதை அழுத்தினேன். உன் படம் வந்தது அம்மா. பச்சைச் சேலையில் உன் கேப்டன், மழையில் நனைந்துகொண்டு, என்னைப் பார்த்துக் கைகூப்பி நின்றாள். கீழே ஆங்கிலத்தில் ஒரு கேள்வி. 'உங்கள் கேப்டனை உண்மையிலேயே கைவிடப் போகிறீர்களா?' பளிச்சென்ற பச்சையில் 'இல்லை, காப்பாற்றுகிறேன்'. மங்கலாக 'ஆம், கைவிடுகிறேன்'.

இதை யாரோ ஒருவர் உட்கார்ந்து யோசித்து எழுதியிருக்கிறார். அவருக்கும் அம்மா இருப்பார். அவர் இதை எழுதி முடித்துவிட்டு வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டிருப்பார். எந்தப் பிள்ளையின் விரல் நடுங்கும், நடுங்கினால் எந்தப் பொத்தானில் விழும் என்று அளந்து பார்த்து வைத்திருக்கிறார். என் துக்கம் அவர்களுக்கு ஒரு மாதச் சம்பாத்தியம். இப்படிக் கேட்பது தப்பு என்று அந்த அலுவலகத்தில் ஒருவருக்குக்கூடத் தோன்றவில்லையா?

என் விரல் இரண்டு தடவை பச்சைப் பொத்தான் பக்கம் போனது. பிறகு நீ எப்படிப் பேசுவாய் என்று நினைத்துப் பார்த்தேன். கடைக்காரன் கையைப் பிடித்து இழுத்தால் நீ என்ன சொல்வாய்? "வுடுய்யா கைய" என்பாய். அவ்வளவுதான்.

'ஆம்' என்பதை அழுத்திவிட்டேன். அழுத்தியது உன்னைக் கைவிடுவதற்கு இல்லை. அது அவர்கள் எழுதி வைத்த பொய். அந்தப் பொய்க்கு நடுவில் இருந்த ஒரே வாசலில் நான் வெளியே வந்தேன். உனக்கு இது புரியும்தானே?

'மினி பஸ்' இன்னும் ஒன்பது நாள் நம்மிடம் இருக்குமாம். பிறகு பெயரை அழித்து அந்தப் பொதுத் துறைமுகத்தில் கட்டுவார்கள். யாரோ ஒருவன் அதை வாங்கி நெருப்பு விடும் குழாய் மாட்டுவான். அதற்கு நான் விடப்போவதில்லை.

காலையில் அப்பா குளித்துவிட்டு வந்ததும், அவர் வங்கிக்குக் கிளம்புவதற்கு முன்னால், என் வாயால் எல்லாவற்றையும் சொல்லிவிடுவேன். மூன்று முறை எடுத்தேன், இதற்காக எடுத்தேன், பிடித்தம் என்று நினைத்து ஏமாந்தேன் என்று. அவர் திட்டினால் வாங்கிக்கொள்வேன். பேசாமல் இருந்தால்தான் தாங்க மாட்டேன். வங்கிக்கு நானும் கூடப் போய் மேனேஜரிடம் நானே சொல்வேன். பயமாகத்தான் இருக்கும். பயந்துகொண்டே சொல்வேன்.

அங்கிருந்து வந்த பிறகு, அப்பாவைப் பக்கத்தில் உட்கார வைத்து உன் ஏழு குரலையும் கேட்க வைப்பேன். அவருக்குத் தெரியவே தெரியாது அம்மா. நீ இன்னும் எங்களைத் திட்டிக்கொண்டிருப்பது அவருக்குத் தெரியாது. அப்பாவுக்கு இன்ஜினைக் கொடுப்பேன், அவர் சுரங்கத்தில் கன்வேயர் ஓட்டுகிற ஆள், பார்த்துக்கொள்வார். ஜமீலா அக்கா மேலே ஏறிக்கொள்வாள். சுக்கான் என்னிடம். பயணிகள் எல்லோரையும், அந்தக் கோழிக்கூடைக் கிழவரையும் சேர்த்து, முதலில் பத்திரமாகக் கரையில் இறக்கிவிடுவோம். பிறகு நாங்கள் மூன்று பேர் மட்டும் ஏழாம் தீவுக்கு அப்பால் இருக்கிற புயலுக்குள் போவோம்.

இந்த முறை திரும்ப மாட்டேன். விற்க முடியாத இடத்தில் அதை விட்டுவிடுவேன். தூக்கிவிட முத்து கேட்பார்கள், ஒரு பைசா தரமாட்டேன். மூழ்கும்போது நீ என்ன சொன்னாலும், திட்டாக இருந்தாலும், மூன்று பேரும் பேசாமல் முழுசாகக் கேட்போம். இது சத்தியம்.

உன் வயிற்றில் பிறந்து உன் இன்ஜினில் வேலை பார்த்த மகள்,
நந்தினி